பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவில்

மார்ச் 3

இன்றைய கூட்டத்திலும் அதே பாட்டுதான். பர்னர் குழாய்க்கான மாலிப்டினம் தகட்டில் பூச்சை இன்னும் தடிமனாகப் போடச் சொல்கிறார் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர். மாலிப்டினம் லேசில் உருகாது, ஆனால் அந்தச் சூட்டில் காற்றுப் பட்டால் வெள்ளைப் புகையாகப் போய்விடும். அதற்குத்தான் மேலே சிலிக்கான் பூச்சு. அந்தப் பூச்சே சூட்டில் உலோகத்துக்குள் இறங்கித் தீர்ந்துபோகிறதே, அதற்கு என்ன செய்வதாம்? தடிமனாகப் போட்டால் கொஞ்சம் மெதுவாகத் தீரும், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் மெல்லியதாக ஒரு தடுப்பு வேண்டும் என்றேன்.

"நடுவுல வேற ஒண்ணா? இருக்கற வேலை போதும்மா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மார்ச் 4

யாரையும் கேட்காமல் ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச் 19

தலைவர் சொன்னபடி தடிமனாகப் பூசிய தகடு, தடுப்பு வைத்த என் தகடு, இரண்டையும் ஒரே உலையில் வைத்து எடுத்து, வெட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். அவருடையதில் பாதிப் பூச்சு உள்ளே போய்விட்டது. என்னுடையதில் தடுப்பு கோடு போட்ட மாதிரி நிற்கிறது, பூச்சு அப்படியே இருக்கிறது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தலைவர் உடனே, "வெள்ளிக்கிழமை குழாய் வாங்க வர்றவங்ககிட்ட இதைக் காட்டிடலாம். பர்னர் குழாயும் தாங்கும்னு சொல்லிடலாம்," என்றார்.

குழாய் முழுக்கத் துளைகள் சார், துளை விளிம்பில் பூச்சு விரிசல் விடும், அதைச் சோதிக்கவே இல்லையே என்றேன்.

"அவங்க துளையைப் பத்திக் கேக்கலையே. நீ வாயைத் திறந்தா திட்டத்தையே மூடிடுவாங்க."

நேற்றுவரை வேண்டாம் என்றவருக்கு இன்று இத்தனை அவசரம்!

மார்ச் 20

"நீ சொன்னதுதான் ஜெயிச்சிருக்கு. வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா?" என்கிறார் என் கணவர்.

முடியாது. அந்த பர்னர் பக்கத்தில் தினமும் நிற்கப்போவது அவருமில்லை, தலைவருமில்லை — யாரோ ஒருத்தர். ஒரு தகட்டில் துளை போட்டுப் பூசியாயிற்று. நாளை அதையும் உலையில் வைப்பேன்.

மார்ச் 21

வைத்தேன். வந்தவர்கள் உலையின் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். துளை இல்லாத தகடு நன்றாகத்தான் இருந்தது. மற்றதில் துளை விளிம்பிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது.

"என்னங்க இது?" என்றார் ஒருவர்.

"என் பூச்சு தோத்துப்போற இடம்," என்றேன். குழாய்க்கு இன்னும் இது தயாரில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

வெளியே எடுத்தபோது துளையைச் சுற்றிப் பூச்சு மட்டும் ஓடாக நின்றது, உள்ளே உலோகம் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர்கள் முன்னால் அழுவேனா? தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

மார்ச் 24

என்னைக் கொள்முதல் பிரிவுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். போங்கடா.

ஏப்ரல் 16

தலைவர் என் அறைக்கே வந்தார், கதவைச் சாத்தினார். அன்று வந்தவர்களுக்குக் குழாய் வேண்டுமாம். ஆனால் புகை வந்த தகட்டைக் காட்டிய அம்மா சரி என்றால்தான் வாங்குவார்களாம்.

"துளை விளிம்புல எப்படிம்மா பூசறது?"

"தெரியாது சார். கண்டுபிடிக்கணும். என்னைத் திரும்ப எடுத்துக்கறதா எழுதிக் குடுங்க, அப்புறம் பேசலாம்."

நான் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எழுதினார்.