ஊறவைத்த கூரைகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைக் கேட்காமல் விஷயத்துக்கு வந்தால் அண்ணிக்குக் கோபம் வரும், அதனால் முதலிலேயே கேட்டுவிட்டேன். சின்னவளுக்குப் பரீட்சை முடிந்ததா என்றும் எழுது.

போன ஞாயிற்றுக்கிழமை, "செத்துப்போன மனுஷனை நிம்மதியா இருக்க விடு" என்று சொல்லி நீ போனை வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டாலும் பாதியில் வைப்பாய். கடிதம் என்றால் கடைசி வரை படித்துத்தானே ஆகவேண்டும்? இரண்டு வாரமாக எனக்குத் தூக்கம் சரியில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலருகே நின்றுவிடுகிறேன். நேற்றும் பொங்கி வழிந்தது. "இந்த மாசம் இது மூணாவது பாத்திரம்" என்றார் வீட்டுக்காரர். அவர் தேய்த்துக் கழுவுவதால் அவரிடம்தான் கணக்கு இருக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் வரைபடக் காப்பறைக்கு ஒரு படகுக்கார அம்மா நாலு மாதமாக வந்துகொண்டிருக்கிறார். ஐம்பத்தொன்பது வயது. வாரத்துக்கு ஒருநாள் வருவார், ஒரே கேள்வியைக் கேட்பார்: "எங்க ஊரு கிடைச்சுதா மேடம்?" ஏதோ காணாமல்போன குடையைத் தேடி வந்தவர் மாதிரி கேட்பார்.

அவருடைய ஊர் ஏரியின் வடக்குக் கரையில் இருந்தது. முப்பத்தொரு வீடு. ஏரியைப் பெரிதாக்கி அணை கட்டியபோது முழுகிவிட்டது. முழுகிய மற்ற ஊர்க்காரர்களுக்கெல்லாம் எதிர்க்கரையில் வீட்டுமனை கொடுத்தார்கள். இவர்களுக்குக் கொடுக்கவில்லை. வரைபடத்தில் அங்கே ஊர் இல்லை, ஆகவே யாரும் குடியிருக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சிதறிப்போனார்கள். பத்துப் பன்னிரண்டு குடும்பம் மட்டும் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் தகரக் கொட்டகைகளில் இருக்கிறது. அந்த இடத்தையும் இப்போது காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். விடுபட்டவர்களுக்கு இந்த வருஷம் மறுவிசாரணை நடக்கிறது. அடுத்த மாதம் முப்பதாம் தேதிக்குள், அங்கே குடியிருந்தோம் என்பதற்கு ஒரு பதிவாவது காட்டவேண்டும். காட்டினால் கரையில் மனை. இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

நான் பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தேழு வருஷத்துக்கு முந்தியது. ஊர் இருக்கிறது அண்ணா. முப்பத்தொரு சின்னச் சதுரம். ஆனால் எல்லாமே புள்ளிக்கோடு, பக்கத்தில் 'பாழ்' என்று ஒரு சொல். எங்கள் துறையில் கூரையுள்ள வீட்டை முழுக்கோட்டில் வரைவோம், கூரையில்லாத சுவரைப் புள்ளிக்கோட்டில். அது விதி. கீழே கையெழுத்து அப்பாவுடையது.

அந்த அம்மாவிடம் கையெழுத்தைக் காட்டவில்லை. பாழ் என்று போட்டிருக்கிறதே என்று மட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். அவர்கள் வீடுகளுக்குக் கல் சுவர், நாணல் கூரை. வருஷத்துக்கு ஒருமுறை காற்றுக்காலத்துக்கு முன் கூரை முழுவதையும் இறக்கி, கல்லைக் கட்டி ஏரித் தண்ணீரில் பன்னிரண்டு நாள் அமுக்கி வைப்பார்களாம். பூச்சியெல்லாம் செத்துவிடும். பிறகு காயவைத்து மறுபடி போடுவார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் ஊரே படகில் இருக்கும், சமைக்க மட்டும் கரைக்கு வரும். "அந்த நேரம் பார்த்து ஒரு சங்கிலிக்காரர் அளக்க வந்தார் மேடம். எனக்குப் பன்னெண்டு வயசு. கூரை எங்கேன்னு கேட்டார். ஊற வச்சிருக்கோம்னேன். பருப்பையா ஊற வைக்கிறீங்கன்னு சிரிச்சார். எங்க வீட்டுலதான் சாப்பிட்டார், நல்ல மனுஷன்."

நல்ல மனுஷன் என்றதும் என்னால் அங்கே உட்காரமுடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

வீட்டில் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அலுவலகத்தில் இருக்கவேண்டிய அளவைப் புத்தகங்களை ஏன் வீட்டில் வைத்திருந்தார் என்று அம்மா இருந்தபோதே கேட்டிருக்கலாம். பதினான்காம் புத்தகத்தில் இருந்தது. அப்பாவின் எழுத்தை அப்படியே எழுதுகிறேன்: "கல் சுவர் 31. கூரை இல்லை. ஏழு அடுப்புகளில் சாம்பல் சூடாக உள்ளது. கூரையை ஊறவைத்திருப்பதாகச் சிறுமி சொல்கிறாள். கூரை போட்ட பின் மீண்டும் வந்து பார்க்கவேண்டும்." அதற்குக் கீழே வேறு பேனாவில்: "தந்தி. பையனுக்குக் கடும் காய்ச்சல். கிளம்புகிறேன்." அதோடு புத்தகம் முடிகிறது. மிச்சம் வெற்றுத்தாள்.

பையன் நீதான். உனக்கு அப்போது நாலு வயது. நான் பிறக்கவே இல்லை.

சனிக்கிழமை அந்த அம்மாவின் படகில் போய் வந்தேன். இந்தக் கோடையில் தண்ணீர் நிறைய வடிந்திருக்கிறது. கரையெல்லாம் வெடித்த சேறு, கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகிறது. கூன் பாறை மட்டும் படத்தில் உள்ளபடியே நிற்கிறது. அங்கிருந்து வடக்கே நாலு சங்கிலி தூரம், பிறகு கிழக்கே ஒன்றரை என்று அப்பா எழுதியிருக்கிறார். நான் நாடாவை விரித்து அளக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க அளந்துகிட்டே வாங்க மேடம், நான் வீட்டுக்குப் போய் இருக்கேன்" என்று சொல்லி விடுவிடு என்று நடந்துவிட்டார். அரைமணி கழித்து என் நாடா முடிந்த இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். காலடியில் முழங்கால் உயரத்துக்குக் கல் சுவர், மூலையில் கரிபிடித்த மூன்று கற்கள். அப்பாவின் அளவு ஓர் அடிகூடப் பிசகவில்லை. அவ்வளவு சரியாக அளந்தவர் இவ்வளவு தப்பாக எப்படி வரைந்தார்?

யாருடைய புத்தகம் என்று சொல்லாமல் விசாரணை எழுத்தரிடம் கேட்டுப் பார்த்தேன். மீண்டும் பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தால் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம், சிறுமி சொன்னது சாட்சி ஆகாது என்றார். அதற்கு அடுத்த புத்தகம் வேண்டும். பதினைந்தாவது உன்னிடம்தான் இருக்கிறது. நீ வெளிநாடு கிளம்பிய அன்று, "இது உன் முதல் ஓவியம்" என்று அப்பா உன் கையில் கொடுத்தாரே, அந்தப் பச்சை அட்டைப் புத்தகம். அப்பா அங்கே திரும்பிப் போனாரா என்று அதில்தான் தெரியும். அந்த அம்மாவிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

போகவில்லை என்றால் அது ஒரு வருத்தம். போயிருந்தும் படத்தைத் திருத்தவில்லை என்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இருந்தாலும் அனுப்பு அண்ணா. அதில் உன் கிறுக்கல் மட்டுமே இருந்தாலும் சரி, அனுப்பு. அந்த அம்மாவுக்கு நான் யார் என்று இன்னும் சொல்லவில்லை. இன்னும் ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்த்து "தேடிக்கிட்டிருக்கேன்மா" என்று சொல்ல என்னால் ஆகாது.

உன் கோபத்துக்கும் பதிலுக்கும் சேர்த்தே காத்திருக்கும்
தங்கை


அன்புள்ள அண்ணாவுக்கு,

புத்தகம் வந்து சேர்ந்தது. உன் பழைய கம்பளிச் சட்டையில் சுற்றி அனுப்பியிருக்கிறாய். உள்ளே ஒரு வரியாவது எழுதியிருப்பாய் என்று சட்டையின் கைகளைக்கூட உதறிப் பார்த்தேன். எழுதாததும் நல்லதுதான். அனுப்பிவிட்டாயே, அது போதும்.

நீ அதை எத்தனை தடவை புரட்டியிருப்பாயோ, எண்களைப் படித்திருக்கமாட்டாய். முதல் பக்கங்களில் அளவுகளே இல்லை. சங்கிலி, கண்ணி என்று எழுதவேண்டிய கட்டங்களில் உன் காய்ச்சலை எழுதியிருக்கிறார். காலை, மதியம், மாலை, பதினோரு நாள். ஏழாம் நாள் மதியம் எழுத்து ஆடியிருக்கிறது. அதே ஏழாம் நாள்தான் அந்தப் படம் அச்சுக்குப் போயிருக்கிறது. படத்தை மறுபடி உற்றுப் பார்த்தேன், எழுத்து அப்பாவுடையது அல்ல. இங்கே அலுவலகத்தில் அவருடைய உதவியாளர், 'கூரை இல்லை' என்ற குறிப்பை மட்டும் வைத்து வரைந்து, அப்பாவின் கையெழுத்தையும் போட்டு அனுப்பிவிட்டார்.

நீ எல்லோருக்கும் காட்டுவாயே சிவப்புப் பெட்டிகள், அந்தப் பக்கத்தை எண்ணிப் பார்த்திருக்கிறாயா? முப்பத்தொன்று. அப்பா மையால் முழுக்கோட்டில் வரைந்திருக்கிறார். உள்ளே சிவப்புப் பென்சிலால் நீ நிரப்பியிருக்கிறாய், கோட்டுக்கு வெளியேயும் ஏகப்பட்டது. மேலே அப்பா எழுதியது: "பையனை விட்டுவர மனமில்லை, உடன் அழைத்து வந்தேன். எல்லா வீட்டிலும் கூரை உள்ளது." கீழே: "திருத்தம் அனுப்பவேண்டும்." அனுப்பியிருந்தால் பக்கத்தில் அனுப்புகை எண் போட்டிருப்பார். எண் இல்லை. அந்த வருஷத்து அனுப்புகைப் பதிவேட்டை இரண்டு நாள் புரட்டினேன். அதிலும் இல்லை.

விடுப்புப் பதிவேட்டையும் பார்த்தேன். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பதினோரு நாளும் அப்பா வேலையில் இருந்ததாக இருக்கிறது. சொல்லாமல் கிளம்பியிருக்கிறார். திருத்தம் அனுப்பினால் தேதி எழுதவேண்டும், தேதி எழுதினால் அந்தப் பதினோரு நாள் வெளியே தெரிந்து வேலை போயிருக்கும். நீயும் நானும் படித்தது, நான் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலி, நீ ஏறிய விமானம் எல்லாம் அந்த எழுதாத கடிதத்தின் மேல்தான் நிற்கிறது. அப்பாவை என்னால் திட்ட முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. உன் மேல் தப்பில்லை, நாலு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது குற்றமா? இதை உனக்கு எழுதிவிட்டு எனக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மாவை என் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். "இத்தனை நாளும் இதை வயித்துல வச்சுகிட்டா எனக்கு டீ வாங்கிக் குடுத்தே?" என்று கேட்டார். மேடம் போய் ஒருமைக்கு வந்துவிட்டது. பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்தார். விரலால் நாலாவது வரிசையில் ஒரு பெட்டியைத் தொட்டு, "இது எங்க வீடு. அந்தச் சளிமூக்கன் உன் அண்ணனா? என் இடுப்பை விட்டு இறங்கல, என் பாவாடையை நனைச்சவன்" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

புத்தகத்தை விசாரணை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். வீட்டில் இருந்தது எப்படி என்று என்னிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள், எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதிகாரி சொல்வதைக் கேள். பக்கத்தில் தேதி இருக்கிறது, ஊர்ப்பெயர் இல்லை. இது அந்த ஊர்தான் என்று, அந்த ஊரைச் சேராத ஒருவர் நேரில் வந்து சொல்லவேண்டுமாம். நான் சொல்லமுடியாது. அந்த வீடுகளைக் கூரையோடு பார்த்தவர்களில், அந்த ஊர்க்காரர் அல்லாதவர் இன்றைக்கு உலகத்தில் நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

உனக்கு நினைவில்லை என்பாய். யோசித்துப் பார். தண்ணீர் வாசனை, உயரத்தில் ஏதோ மஞ்சளாக, யாரோ ஒரு அக்காவின் இடுப்பு. ஒன்றும் இல்லாவிட்டால் இல்லை என்றே சொல், பொய் சொல்லக் கூப்பிடவில்லை. இது என் கை நிரப்பிய பக்கம், அன்று என் அப்பா என்னை எங்கோ அழைத்துப் போனார் என்று சொல்ல உன்னால் முடியும். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. வேலை, லீவு என்று ஆரம்பிக்காதே. நம் வீட்டில் ஒருவர் லீவு கேட்காமல் போனதும் போதும், உண்மையைச் சொல்லாமல் இருந்ததும் போதும்.

அன்றைக்கு நீ கூரை மேல் ஏறவேண்டும் என்று அழுதாயாம். ஈரம் முழுசாகக் காயவில்லை, சறுக்கும் என்று அந்த அம்மா விடவில்லை. அழுகை நிற்பதற்காக, அடுத்த தடவை வா, ஏத்தி விடுறேன் என்று சொல்லி அனுப்பினாராம். நேற்று படிக்கட்டு வரை இறங்கிப் போனவர் திரும்பி ஏறி வந்தார். "உன் அண்ணனுக்கு எழுதினா இதையும் எழுது. மனை கிடைச்சு வீடு போட்டோம்னா கூரை காயற வரைக்கும் காத்திருந்து ஏத்தி விடுறேன்னு சொல்லு" என்றார்.

எழுதிவிட்டேன். வந்துவிடு அண்ணா.

வாசலைப் பார்த்தபடி,
உன் தங்கை