உன் சாவுக்கு அவர்கள் சொன்ன காரணம்

என் ஆசை மச்சாள் ரோசலினுக்கு,

நீ இருக்கும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை உண்டோ இல்லையோ, எனக்குத் தெரியாது. இங்கே உண்டு. அதுதான் எனக்குப் பெரும்பாடாய் இருக்கிறது. மற்ற நாட்களில் கருவாடு காயப்போட, தண்ணீர் பிடிக்க, ஆட்டுக்குக் குழை ஒடிக்க என்று பொழுது போய்விடும். ஞாயிறு காலையில் சபைக்குப் போய் நம்முடைய வாங்கில் தனியாய் உட்காரும்போதுதான் நீ இல்லையென்பது விளங்குகிறது. பாட்டுப் புத்தகத்தை இப்போதும் பாதி உன் பக்கம் நீட்டித்தான் பிடிக்கிறேன். பார்ப்பவர்கள் பைத்தியம் என்பார்கள்.

சண்டை போட ஆளில்லாமல் போய்விட்டது, மச்சாள். உன் புருசன், என் அருமை அண்ணன், கட்டாரிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் கதைப்பார். "சுகமா? சாப்பிட்டியா?" என்பார். அதோடு சரி. அவரோடு வேதத்தைப் பற்றித் தர்க்கம் பண்ண முடியுமா?

நமக்குள் இருந்த சண்டை ஒன்றே ஒன்றுதான். பிழையான போதனை வந்தால் எதிர்த்து நிற்க வேண்டும் என்பேன் நான். "சபை ஆண்டவருடையது. அவர் பார்த்துக்கொள்ளுவார். நீ என்ன காவலுக்கு நிற்கிற வாச்சரா?" என்பாய் நீ. யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த கையோடு கற்பிட்டிக்கு எல்லாம் வந்தது. பட்டம் பிடித்துப் பலகையில் நின்று கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர் வந்தார்கள், விதம் விதமான போதகர்களும் வந்தார்கள். அதிலே ஒருவர், உலகம் முடியப்போகிறது, வள்ளங்களை விற்றுவிடுங்கள் என்று வீடு வீடாய்ச் சொல்லித் திரிந்தார். நான் விளக்குமாற்றைத் தேடினேன். நீ அவரை இருத்தி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாய்! அவர் சொன்ன மாதம் கழிந்தது, உலகம் அப்படியே இருந்தது, மனிதர் வெட்கப்பட்டு எத்தாளைப் பக்கம் போய்விட்டார். "பார்த்தியா? நான் ஒரு சொல்லும் சொல்லேல்ல" என்று சிரித்தாய். எனக்கு வந்த கோபத்தில் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஆனால் எல்லாரும் அப்படித் தாமாகவே போய்விடுவார்களா?

பழைய ஐயா மாற்றலாகிப் போனபிறகு நமக்கு ஒரு இளம் போதகர் வந்திருக்கிறார். கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காற்றுக்குக் கூரைத் தகடு பறந்தபோது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறி அடித்தார். நோயில் கிடக்கும் வருத்தக்காரர் வீடு என்றால் மழையிலும் போவார். ஆனால் பிரசங்க மேடையில் ஏறினால் அவருக்கு ஒரே கதைதான். முழு விசுவாசம் உள்ளவரிடம் வருத்தம் நிற்காதாம். மருந்தை நம்புகிறவர் ஆண்டவரைப் பாதிதான் நம்புகிறாராம். முதல் நாளே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

நம்முடைய சபையில் சாட்சிக்கு மறுபேச்சு இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒருவர் எழும்பி ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொன்னால், மற்றவர்கள் "ஸ்தோத்திரம்" என்று சொல்லி முடித்துவிடுவோம். அது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ள காரியம். அந்தோனி அண்ணன் தனக்கு ஆண்டவர் தந்த சுறாவை ஒவ்வொரு வருடமும் ஒரு முழம் நீட்டிக்கொண்டு போனபோதும் நாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்தோத்திரம்தானே சொன்னோம்?

ஒரு ஞாயிறு, சாட்சி நேரத்தில் உன் மகள் ஜெனி எழும்பினாள். "எனக்கு ஆண்டவர் விடுதலை தந்திட்டார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. என் சத்தம்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. நீ போன துக்கத்திலிருந்து பிள்ளை மீண்டுவிட்டாள் என்று நினைத்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அது என்ன விடுதலை என்பதை எனக்குச் சொன்னவர் உங்கள் பக்கத்து வீட்டு ரஹ்மா ராத்தா. ஜெனியின் சீனி வருத்தத்துக்குப் போடும் இன்சுலின் ஊசி மருந்தை நீ அவர்களுடைய பிரிட்ஜில்தானே வைத்தாய்? நீ போனபிறகும் அது அங்கேதான் இருந்தது. அந்தக் கிழமை வேலியடியில் ராத்தா என்னை மறித்தார்.

"புள்ளட மருந்த வேற எங்கயும் வெச்சீக்கிறீங்களா? கொஞ்ச நாளா எடுக்க வரல்ல. எல்லாம் அப்படியே ஈக்கிது."

நேரே ஜெனியிடம் போனேன். உதடு வெடித்துப்போய், செம்பு செம்பாய்த் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊசி எங்க, புள்ள?"

"விட்டிட்டன், மாமி. சாட்சி சொன்னன்தானே. நீங்களும் ஸ்தோத்திரம் சொன்னீங்க."

"அது இதுக்கென்டு எனக்குத் தெரியுமா? உனக்கென்ன விசரா?"

"அம்மா கிளினிக், குளிசை என்டு திரிஞ்சவ. பாதி நம்பிக்கை. அதுதான் எங்கள விட்டிட்டுப் போயிட்டா. நான் பாதி நம்பமாட்டன்."

உன்னைப் பற்றி, உன் வயிற்றில் பிறந்தவள், நீ சமைத்த குசினியில் நின்று அப்படிச் சொன்னாள். ஏசினேன், கெஞ்சினேன், கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

போதகரிடம் போனேன். கதிரை எடுத்துப் போட்டு இருத்தினார். நான் சொன்னதெல்லாவற்றையும் மரியாதையாய்க் கேட்டார். பிறகு, "அக்கா, ஆண்டவர் சர்வ வல்லவர். ஜெனிய அவர்ட கையில விட உங்களுக்குப் பயமா?" என்றார். நீ என்னிடம் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடமாய்ப்போன கதை, அவருடைய வாயிலிருந்து வந்தது. எழும்பி வந்துவிட்டேன்.

உன் வழியிலும் நடந்து பார்த்தேன், மச்சாள். பாயில் முழங்காலில் நின்று, நீர் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே என்று அழுதேன். நடுவில் ஒரு யோசனை வந்தது. அவர் பார்த்ததனால்தானே ரஹ்மா ராத்தாவை வேலியடிக்கு அனுப்பினார்? எனக்குத் தெரியவைத்தபிறகும் நான் பாயைவிட்டு எழும்பாமல் இருந்தால் அது நம்பிக்கையா, பயமா? நீ இருந்திருந்தால் கேட்டிருப்பேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழும்பினேன். கால் நடுங்கியது. "மற்றவங்கட சாட்சிக்கு மறுபேச்சு இல்ல, அக்கா" என்றார் போதகர், நான் வாய் திறக்க முன்பே.

"மறுபேச்சு இல்ல, ஐயா. இது என்ட சாட்சி" என்றேன். "என்ட மச்சாள் ரோசலின் ஆஸ்பத்திரியில கிடந்த நாளெல்லாம் நான் பக்கத்தில இருந்தன். குளிசைய உள்ளங்கையில வெச்சு, ஆண்டவருக்கு நன்றி சொல்லித்தான் விழுங்குவா. கை தூக்க ஏலாமப் போனபிறகு நான் வாயில வெச்சன், அப்பவும் கண்ண மூடி நன்றி சொன்னா. நான் என்ட கண்ணால பார்த்தன். அவவுக்கு விசுவாசம் காணாதென்டு யாரும் சொன்னா அது பொய்."

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஜெனி எழும்பி வெளியே போய்விட்டாள். போதகர் கீபோர்ட்டைத் தட்டிப் பாட்டைத் தொடங்கினார். சபை கலைந்தபோது என் அருகில் வந்தவர் யாருமில்லை. "இருந்த சமாதானத்தையும் கெடுத்திட்டா" என்று அந்தோனி அண்ணன் என் காதில் விழச் சொல்லிக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் ரஹ்மா ராத்தா ஓடி வந்தார். ஜெனி வயிற்றில் இருந்ததெல்லாம் சத்தியெடுத்து, கிணற்றடியில் சுருண்டு கிடந்தாள். த்ரீவீலரில் தூக்கிப்போட்டுக்கொண்டு புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளையின் தலை என் மடியில், கால் ராத்தாவின் மடியில். வழி முழுக்க ராத்தா துஆ ஓதினார். நான் ஜெபிக்கவும் மறந்து ஜெனியின் பெயரையே சொல்லிக்கொண்டு போனேன். டொக்டர் பிள்ளையை உள்ளே எடுத்துவிட்டு எனக்கு ஏசின ஏச்சை எழுத ஏலாது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பிள்ளை இல்லையாம்.

மறுநாள்தான் கண் திறந்தாள். கையில் சேலைன் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமி, அப்ப அம்மா என்ன பிழை விட்டவ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பிள்ளை போதனையைத் தேடிப் போகவில்லை. உன் சாவுக்கு ஒரு காரணம் தேடிப் போயிருக்கிறாள். ஒரு காரணமும் இல்லாமல் அம்மாவை இழக்க அவளால் முடியவில்லை. போதகர் ஒன்றைக் கொடுத்தார், இவள் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பிழையும் விடேல்ல, புள்ள. வருத்தம் வந்தது. செத்துப்போனா."

"அப்ப ஆண்டவர் ஏன் எடுத்தவர்?"

"தெரியாது."

சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். உன்னை அடக்கம் பண்ணின அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. நான் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன். எனக்கும் அழுகை நிற்கவில்லை.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். ஊசி போடுகிறாள். போதகர் தன் ஜெபத்தால்தான் அவள் பிழைத்தாள் என்று மேடையில் சொன்னார். சபை ஸ்தோத்திரம் என்றது. நான் சொல்லவில்லை. ஜெனி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், அவளும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து வரும்போது அவள் எனக்கு முன்னால் வேகமாய் நடந்து போனாள். அவளுக்கு இன்னும் என்மேல் கோபம் போகவில்லை என்று நினைக்கிறேன். போதகரும் தாமாகவே போகமாட்டார் போலிருக்கிறது. சில பேர் இப்போது என்னைக் கண்டால் பாதை மாறிப் போகிறார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் உன் பெயர்தான் வாயில் வருகிறது.

உன்னை ஏன் எடுத்தார் என்பது ஆண்டவருடைய காரியம், ரோசலின். அதை அவரிடமே விட்டுவிட்டேன். அந்த அளவுக்கு உன் வழிக்கு வந்துவிட்டேன், சிரிக்காதே. ஆனால் அவர் சொல்லாத காரணத்தை அவருடைய பெயரில் யாராவது உன் மகளுக்குச் சொல்ல வந்தால், நான் எழும்புவேன். கால் நடுங்கினாலும் எழும்புவேன், சபையில் நான் ஒருத்தியே மிஞ்சினாலும் எழும்புவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் மகளுக்கு மாமி, உனக்கு என்றும் வாயாடி மச்சாள்,
எமில்டா