எலினோருக்கு வைத்த பொட்டு

லூயிஷாம்
லண்டன்
20 பெப்ரவரி 2025

என் வான்மதிக்கு,

சுகம்தானே? உன் மனுசன் தவராசா அண்ணை போனதிலிருந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாயாம். வாட்சப்பில் எழுதினால் உன் மருமகள் வாசிப்பாள், அதுதான் தபால்.

மகளிர் தினத்துக்கு நம் மாதர் சங்கத் தலைவி என்று நான் எலினோர் ரூஸ்வெல்ட் பற்றிப் பேச வேண்டுமாம். அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி என்பதைத் தவிர எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. சங்கத்தைத் தொடங்கியவள் நீ, செயலாளரும் நீ. எழுதித் தா, ராசாத்தி.

அன்புடன்,
கலா

சட்டன்
26 பெப்ரவரி

அன்புள்ள கலா,

பேச்சை இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத எழுத எனக்கே தெம்பு வந்தது. கணவர் 1945இல் இறந்த பிறகுதான் அந்த அம்மா ஐ.நா.வுக்குப் போய், மனித உரிமைப் பிரகடனம் எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடாதே.

கூட்டத்துக்கு வருகிறேன். குத்துவிளக்கில் ஒரு திரி நானும் ஏற்ற ஆசை. சங்கத்தை விட்டால் எனக்கு இப்போது வேறு என்ன இருக்கிறது?

உன்,
வான்மதி

லூயிஷாம்
3 மார்ச்

அன்பு வான்மதி,

பேச்சு அருமை. விளக்கு விஷயத்தை மட்டும் மனதில் எடுக்காதே. எனக்கு ஒன்றுமில்லையடி. நம் சங்கத்து ரஜனிதான், "சுமங்கலியள்தான் ஏத்த வேணும்" என்று நிற்கிறாள். நீ மண்டபத்துக் குசினியில் தேத்தண்ணி போடுவதைப் பார்த்துக்கொள்.

அந்தச் சாவுக் கதையையும் எடுத்துவிட்டேன். நல்ல நாளில் எதற்கு அபசகுனம்? கணவரும் எலினோரும் சோடியாக ஐ.நா.வுக்குப் போனதாக மாற்றியிருக்கிறேன். என்ன வடிவாக இருக்கிறது தெரியுமா!

அன்புடன்,
கலா

லூயிஷாம்
11 மார்ச்

வான்மதி,

என் மானம் போய்விட்டது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் இருந்த சண்முகராசா மாஸ்டர் எழும்பி, "பிள்ளை, அந்தாள் நாற்பத்தைந்திலயே செத்துப்போச்சே. பிறகு எப்பிடி ஐ.நா.வுக்குப் போனது?" என்று கேட்டார். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் என்ன செய்ய? "வான்மதிதான் எழுதித் தந்தவ" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். குசினிக் கதவு சாத்தியிருந்தபடியால் உனக்குக் கேட்டிருக்காது.

"பாவம், மனுசன் போனதிலயிருந்து அவவுக்குத் தலை சரியில்லை" என்றாள் ரஜனி. நான் மறுக்கவில்லை. செயலாளர் பதவியை அவளுக்கே கொடுத்துவிட்டோம். நீ ஓய்வாக இரு.

தேத்தண்ணி திறமாக இருந்ததாம். எல்லோரும் சொன்னார்கள்.

கலாவதி

சட்டன்
15 மார்ச்

கலாவதிக்கு,

குசினிக் கதவு திறந்துதான் இருந்தது. நீ சொன்னதும் கேட்டது, அவர்கள் சிரித்ததும் கேட்டது. அதற்குப் பிறகும் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேனே, அதை நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

யாரோ ஒரு அமெரிக்கனைக்கூட உன்னால் சாகவிட முடியவில்லை. அவன் பெண்சாதிக்குப் பொட்டு வைத்து மேடையேற்றினாய். உனக்கு அவ்வளவு பயம். பயப்படு. உன் மனுசன் கமலநாதனுக்கு இரண்டு தரம் நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்தாயிற்று. அவர் போகிற அன்றைக்கு ரஜனி உனக்கும் அதே குசினியைக் காட்டுவாள்.

அப்போது அழ ஆள் தேடி எனக்குப் போன் அடிப்பாய். அடித்துக்கொள். நான் எடுக்க மாட்டேன்.

திருமதி வான்மதி தவராசா