கூரையில்லாத கோயிலுக்குக் கழற்றிய சப்பாத்து

பேரன் கழற்றிப் போட்ட பனிச் சப்பாத்து ஹீட்டரடியில் காய்கிறது. ஈரத் தோலும் கம்பளியும் கலந்த அந்த நாற்றம் வந்ததுதான் தாமதம், நீ என் பக்கத்தில் வந்து குந்திவிட்டாய்.

எண்பதுகளில், இந்தப் பனி நாட்டுக்கு வந்த புதிதில், நாம் சென்ட் லோரன்டில் ஒரே தையல் ஆலையில் வேலை செய்தோம், ஒரே ஃபிளாட்டில் குடியிருந்தோம். நீ மன்னார்க் கத்தோலிக்க வேதக்காரி, நான் மட்டக்களப்புச் சைவம். வாய் ஓயாத நீ, ஒன்றை மட்டும் கதைக்கமாட்டாய். உன் கணவரை ஊர்க் கோயில் வளவில் அவசரமாக அடக்கிவிட்டு வந்திருந்தாய். நீ வந்த பிறகு குண்டு விழுந்து கோயில் கூரை போய்விட்டது. சனமும் இடம்பெயர்ந்துவிட்டது. "பூசையில்லாத மண்ணில அவர் தனியக் கிடக்கிறாரடி" என்று ஒரேயொரு முறை சொன்னாய்.

அந்தக் குளிர்காலத்தில் பங்கு மண்டபத்தில் ஓர் ஐரிஷ் கிழவர் தன் ஊரின் பாழடைந்த மடத்தை ஸ்லைடு போட்டுக் காட்டினார். சூடான சூப் கிடைக்கும் என்றுதான் போனோம். நான் உன் காதில் மொழிபெயர்த்தேன். உருண்டையான கல் கோபுரம். வாசல் ஆள் உயரத்துக்கும் மேலே. கொள்ளைக்காரர் வந்தால் துறவிகள் ஏறி ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்களாம். பிறகு கட்டிய மடத்தில் நடுவே முற்றம், சுற்றிவரத் தூண் வைத்த நடை. "பார், சாமிமாரும் நாற்சார் வீட்டிலதான் இருந்திருக்கினம்" என்று சிரித்தாய். கடைசியில் ஓர் அரசன் மடங்களை மூடச் சொன்னானாம். கூரையிலிருந்த ஈயத்தையும் உரித்து உருக்கிவிட்டார்களாம்.

அடுத்த படத்தில் மடத்துக் கோயிலின் உட்புறம். நெடிய கல் ஜன்னல், கண்ணாடி இல்லை; மேலே வெறும் வானம். நீ குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாய்.

"என்னடி செய்யிறாய்?"

"கோயிலுக்குள்ள சப்பாத்தோட இருக்கேலுமே?"

"ஐயோ, அது படமடி! கூரை கூட இல்லை!"

"கூரை போனா கோயில் இல்லையெண்டு ஆகிடுமே?"

சொன்ன பிறகுதான் உன் வார்த்தை உனக்கே கேட்டது போலும். முகம் மாறிவிட்டது. "அந்தச் சனம் பேந்து என்ன செய்தது எண்டு கேள்" என்றாய்.

கேட்டேன். கிழவர் இன்னொரு படத்தைப் போட்டார். பழைய சுவர்களுக்குள்ளே புல், புல்லுக்குள்ளே புதுச் சிலுவைகள். இன்றைக்கும் ஊரில் இறந்தவர்களை அங்கேதான் அடக்குகிறார்களாம். வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் கூடிக் கல்லறைகளுக்கு நடுவே பூசை வைக்கிறார்களாம். சப்பாத்தில்லாமல் காலில் ஈர மேசோடு இருந்து விம்மி விம்மி அழுதாய். பஸ்ஸில் வீடு வரும்வரை உன் மனுசனைப் பற்றித்தான் கதை: அவர் நண்டுக்கறி சாப்பிடும் விதம், அவருடைய கள்ளச் சிரிப்பு, கோபம் வந்தால் சைக்கிளைத் துடைக்கிற பழக்கம்.

நீ ஊருக்குப் போகாமலே இங்கே மண்ணுக்குள் போய்விட்டாய். எனக்கு அது ஆறவேயில்லை. அதனால் போன வருடம் நானே மன்னாருக்குப் போனேன்.

கோயிலுக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறார்கள். நான் வாசல் படலையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். இது உன்னிடமிருந்து தொற்றிய பழக்கம், இடிந்த சுவரைக் கண்டாலும் கால் தானாகக் கழற்றும். உன் மனுசனின் கல்லறையை வளவெல்லாம் தேடினேன். பெயரில்லாத மண்மேடுகள்தான், ஒவ்வொன்றிலும் உருகிய மெழுகு. வளவைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"ஆர் எவரெண்டு தெரியாது அக்கா. கூரை இல்லாத காலத்திலயும் திரும்பி வந்த சனம் எல்லாத்திலயும் மெழுகுதிரி கொளுத்தினது. இப்பவும் கொளுத்துறம்."

அவர் தனியக் கிடக்கவில்லையடி.