உமரிக்கு வைக்காத பெயர்

1778 மாசி 4
பள்ளியை விட்டு இரண்டு வருடம். அம்மாவோடு ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவியே எழுத்து மறந்துவிடுமோ என்று எழுதுகிறேன்.

இன்று கோட்டையின் ஒல்லாந்து வைத்தியர் செடி பறிக்கக் கரைக்கு வந்தார். அவர் பேச்சைத் தமிழில் சொல்பவர் தானியேல் அண்ணன். உப்புச் சேற்றில் முளைக்கும் உமரியில் ஒரு கொத்தை நீட்டி, "இத நீங்க துன்றதுண்டானு கேக்குறாரு" என்றார். பக்கத்தில் தெய்வநாயகி நின்றாள். என்னோடு படித்தவள், நெல் விளையும் வீடு.

"ஆடு துன்னும்" என்றேன்.

நேற்று எங்கள் சட்டியில் உமரிக்கீரை மட்டும்தான்.

மாசி 5
ஏன் அப்படிச் சொன்னேன்?

மாசி 9
தானியேல் அண்ணன் நண்டு வாங்க வந்தார். வைத்தியர் என்ன எழுதினார் என்று கேட்டேன்.

"செடிக்கெல்லாம் இலத்தீன்ல பேரு வைக்கிறாரு. எடெரென்னா துன்றது. அதுலேர்ந்து வந்தது எடூலிஸ். மனுசன் துன்ற செடினாதான் அந்தப் பேரு. நீ ஆட்டுக்கு எழுதிக் குடுத்துட்ட, வேற பேரு வச்சுட்டாரு" என்று சிரித்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நண்டுக் காலைக் கட்டிக்கொண்டே இருந்தேன்.

மாசி 28
நைனா போன கப்பல் எட்டு மாதம் கழித்து வந்தது. அவரால் நடக்க முடியவில்லை. ஈறெல்லாம் ரத்தம். அவரோடு பன்னிரண்டு பேரைக் கோட்டைக்குள் படுக்க வைத்திருக்கிறார்கள். வைத்தியர் சொல்லாத உணவை உள்ளே விடமாட்டார்கள்.

பங்குனி 3
கோட்டை வாசலில் தானியேல் அண்ணன் அம்மாவிடம் சொன்னார்: "கடல்ல பச்சையே துன்னாம வந்த நோவு. கீரை குடுக்கணும்ன்றாரு. தோட்டம் காஞ்சு கெடக்கு. கரையில பச்சையா நிக்கிறது உமரி ஒண்ணுதான். அது ஆட்டுத் தீனினு ஏட்லயே இருக்குதே."

"ஆருய்யா சொன்னது? நாங்க துன்றோமே" என்றாள் அம்மா.

"உன்னாண்ட கேக்கலியேம்மா. எழுதினத உன் பேச்சுக்கு மாத்துவாரா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பங்குனி 6
மூணு நாளு. மூணு நாளு வாய்க்குள்ளயே வச்சிருந்தேன்.

இன்று உமரியை வேகவைத்து, உப்புத் தண்ணீரை இரண்டு முறை வடித்து, சட்டியோடு வைத்தியர் முன்னால் போய் நின்றேன். முழுதும் தின்றேன். பிறகு, "பொய் சொன்னேன்" என்றேன். தானியேல் அண்ணன் அதை அவர் பேச்சில் சொன்னார். அவர் ஏட்டைத் திறந்து ஒரு சொல்லை அடித்து, மேலே வேறொன்று எழுதினார்.

சாயங்காலம் நைனாவுக்கு இரண்டு வாய் ஊட்டினேன்.

பங்குனி 7
நைனா போய்ட்டாரு.

சித்திரை 2
அம்மா தினமும் கோட்டைக்குக் கீரை பறித்துத் தருகிறாள். ஒன்பது பேர் எழுந்து நடக்கிறார்களாம்.

"இன்னும் மூணு நாளு முன்னாடி குடுத்திருந்தா" என்றாள் இன்று, கீரையை ஆய்ந்துகொண்டே. யார் பொய் சொன்னது என்று அவள் இன்னும் கேட்கவில்லை.

அடுத்த கூடையை என் பக்கம் தள்ளினாள்.