நாவச்சேடு டவுனாகிறது

கீழ் லைன், நாவச்சேடு
18.8.2023

அண்ணன் அப்துல் ரஹீம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது சுன்னத் என்பதால் சொல்லிவிட்டேன். நலம் விசாரிக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டேன்.

என் நம்பரை உங்கள் போனில் பிளாக் செய்துவிட்டீர்கள். கடைவீதிக்கு ஏறி வந்து உங்கள் மளிகைக் கடை முன்னால் நின்று பேசினால் ஊரே வேடிக்கை பார்க்கும். அதனால் ஒரு மைல் தூரத்துக்கு ஸ்டாம்பு ஒட்டுகிறேன். தபால்காரர் ஆண்டனி ராஜ், "ஏனுங்க்கா, நாலு எட்டு மேல ஏறுனா அண்ணன் ஊடு, இதுக்குப் போயி கடுதாசியா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

சுதந்திர தினத்தன்று கிராம சபையில் நீங்கள் எழுந்து, நாவச்சேட்டையும் சுற்றி இருக்கிற ஊர்களையும் சேர்த்துப் பேரூராட்சி ஆக்க வேண்டும் என்று தீர்மானம் வாசித்தீர்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆபீசர் ஒரு கேள்வி கேட்டார். "டவுனானா நூறு நாள் வேலை நின்னு போயிரும். அதை நம்பி இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?" அதற்கு உங்கள் பதில் என்ன? "அதெல்லாம் பொழுது போகாம போறதுங்க சார், யாரும் அதை நம்பி இல்லீங்க."

உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் நாங்கள் எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் நின்றோம். நான் வாயைத் திறந்ததும், "உக்காரு கண்ணு, ஊட்டுல பேசிக்கலாம்" என்றீர்கள். எந்த ஊட்டில்? நான் உங்கள் படி ஏறி வருஷம் ஒன்றாகிறது.

என் வீட்டுக்காரர் மௌத்தான பிறகு உங்கள் கடையிலிருந்து அரிசி வந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூட்டையோடு மாதாமாதம் ஒரு புத்திமதியும் வரும். மகள் சுமையாவை எதற்குப் படிக்க வைக்கிறாய், பஸ்ஸேறி ஒண்டிக்கடைக்கு ஏன் தனியாகப் போனாய், பக்கத்து வீட்டுப் பொன்னாயியோடு என்ன சிரிப்பு. அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை அண்ணா. நூறு நாள் வேலையில் முதல் கூலி வாங்கிய அன்று உங்கள் மூட்டையை நிறுத்தச் சொன்னேன். அந்த வேலை போனால் நான் மறுபடி உங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்கிறீர்களா என்று கேட்கவே இந்தக் கடிதம்.

ஜரீனா

*

ரஹீம் மளிகை, கடைவீதி, நாவச்சேடு
25.8.2023

தங்கை ஜரீனாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடைக்குள் பத்துப் பேர் நிற்கும்போது ஆண்டனி ராஜ் உன் கடிதத்தைக் கொடுத்து, "தங்கச்சி லெட்டருங்க" என்று உரக்கச் சொன்னான். நன்றாக மானத்தை வாங்கினாய்.

நம் பஞ்சாயத்து ஆபீஸ் கீழ்மடு ஊரில் இருக்கிறது. போக ஒரு பஸ், வர ஒரு பஸ், அதுவும் மழைக்கு வராது. தலைவரும் எப்போதும் அந்த ஊர்க்காரர்தான். அவர்கள் தெருவில் போட்ட சிமெண்ட் ரோட்டின் மேலேயே இன்னொரு சிமெண்ட் ரோடு போடுகிறார்கள். நம் தண்ணீர்த் தொட்டி மோட்டார் கெட்டு சித்திரையிலிருந்து கிடக்கிறது. என் மாமியார் ஜனாஸாவை மையவாடிக்குத் தூக்கிப் போனபோது பாதையில் ஒரு விளக்கு இல்லை. பின்னால் ஒரு ஜீப்பை நிறுத்தி அதன் வெளிச்சத்தில் மண் தள்ளினோம். அன்றைக்கு அங்கேயே நினைத்தேன், இந்த ஊருக்கென்று ஒரு ஆபீஸ் வராமல் கண்ணை மூட மாட்டேன் என்று. இது தப்பா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள். என் மகன் ரியாஸின் மாமனார் சேலத்திலிருந்து குடும்பத்தோடு காரில் வந்தார். வளைவில் ரோட்டோரம் நீ மண்வெட்டியோடு நிற்கிறாய். "அது உங்க தங்கச்சிங்களா?" என்று கேட்டார். நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அத்தா பெயரெடுத்த குடும்பம் இது. டவுனானால் அந்தக் காட்சி ஒழியும். அதற்கும் சேர்த்துத்தான் அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

நீ பட்டினி கிடக்கப் போவதில்லை. அண்ணன் செத்துப் போகவில்லை. நாளை ஜீப்பில் ஒரு மூட்டை பொன்னி வரும். இறக்கி வைத்துக்கொள். பிடிவாதம் வேண்டாம் கண்ணு.

அப்துல் ரஹீம்

*

கீழ் லைன்
13.9.2023

அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மூட்டை வந்தது. அதே ஜீப்பில் ஏற்றி அனுப்பினேன். உங்கள் கடை வாசலில் கூட்டமான நேரம் பார்த்து இறக்கச் சொன்னது நான்தான். டிரைவர் மேல் கத்தியதாகக் கேள்விப்பட்டேன். அவரைத் திட்டாதீர்கள், என்னைத் திட்டுங்கள்.

ஆக, டவுன் எதற்கென்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. சம்பந்தி கண்ணில் தங்கை படக் கூடாது. நான் மண்வெட்டி பிடித்தால் குடும்பப் பெயர் போகிறது, உங்கள் மூட்டைக்குக் கை நீட்டினால் நிற்கிறது. நல்ல பெயர்!

மோட்டார் கெட்ட கதையை எனக்குச் சொல்ல வேண்டாம். உங்களுக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. நாங்கள் ஊற்றிலிருந்து குடத்தில் சுமக்கிறோம். கீழ்மடுவுக்காரர்கள் நம்மை ஏய்க்கிறார்கள் என்பது எனக்கும் எரிகிறது. "எங்க கூலிக்கு ஒரு வழி பண்ணிட்டு டவுன் கேளுங்க, நாங்களும் கூட வர்றோம்" என்று கிராம சபையில் சொல்லத்தான் எழுந்தேன். நீங்கள்தான் உட்காரச் சொன்னீர்களே.

திங்கட்கிழமை மனு நாளில் சேலத்துக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் ஆட்சேபணை கொடுத்துவிட்டு வந்தோம். ஒரு வேன் பெண்கள். பொன்னாயிக்கு மலை இறங்கினால் வாந்தி, அவளும் வந்தாள். அங்கே ஒரு அம்மா, "யாரு உங்க ஊர்ல டவுன் கேக்கறது?" என்றார். "என்ற அண்ணன்தானுங்க" என்றேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. கோபம்தான் இருந்தது.

ஜரீனா

*

ரஹீம் மளிகை
5.4.2024

ஜரீனாவுக்கு,

நோன்பு மாதம் என்று இத்தனை நாள் பொறுத்தேன். இதற்கு மேல் முடியாது.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் என் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டீர்களாம். உங்கள் ஆட்சேபணையால் ஃபைல் ஆறு மாதம் நகரவில்லை. அங்கே போனால் கிளார்க் சிரிக்கிறான், "பாய், மொதல்ல ஊட்டுல தீர்மானம் போட்டுட்டு வாங்க" என்று. கடைவீதியில் தேங்காய்க் கடை வேலுசாமிகூட, "தங்கச்சியையே அடக்க முடியல, டவுன அடக்கப் போறாராம்" என்கிறான். அவனுக்கு நான் கடன் கொடுத்து வைத்த கடை அது.

பெருநாளைக்கு என் ஊட்டுப் படி ஏறாதே. உன் அண்ணி பர்ஹானா உனக்குப் பிரியாணி எடுத்து வைப்பேன் என்று கண்ணைக் கசக்குகிறாள். அவளிடமும் சொல்லிவிட்டேன், ஒரு பருக்கை கீழே லைனுக்குப் போகக் கூடாது என்று. சுமையாவுக்கு நிக்காஹ் பேச்சு வந்தால் மாமன் என்று என் பெயரை எடுக்காதே. என்னிடம் வந்து கேட்பவர்களுக்கு, எனக்குத் தங்கை இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

அப்துல் ரஹீம்

*

ரஹீம் மளிகை
20.9.2024

ஜரீனாவுக்கு,

ஆர்டர் வந்துவிட்டது. நாவச்சேடு பேரூராட்சி. மேலே நாங்கள் வெடித்த வெடி கீழே உன் காதில் விழுந்திருக்கும். எல்லோருக்கும் லட்டு கொடுத்தோம். லைனுக்கும் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். அதையும் திருப்பி அனுப்புவாய், அனுப்பு.

அப்துல் ரஹீம்

*

கீழ் லைன்
12.1.2025

அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

லட்டைத் திருப்பி அனுப்பவில்லை. பொன்னாயியின் பேரப் பிள்ளைகள் தின்றுவிட்டன. பிள்ளைகள் மேல் எனக்கென்ன பகை?

நூறு நாள் வேலை அட்டையை இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வேலை தருவார்களா என்று உங்கள் புது ஆபீசில் கேட்டோம். "அதெல்லாம் தேர்தல் வந்து கவுன்சிலர்ங்க உக்காந்தப்புறம்தாம்மா" என்று பதில். அதுவரைக்கும் வயிற்றுக்கு யார் சொல்வது? இப்போது நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறேன். போக வர பஸ்ஸுக்கே கூலியில் ஒரு பங்கு போகிறது. விரலெல்லாம் பிசின், அட்டை கடித்த இடம் புண்ணாகி நிற்கிறது. பழம் முடிந்தால் மிளகு, மிளகு முடிந்தால் என்ன என்று தெரியவில்லை. சுமையா நர்சிங்கை நிறுத்திவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஹாஸ்டலிலிருந்து அழுகிறாள். செருப்பால் அடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கொட்டச்சேடு எஸ்டேட்டுக்குப் பூச்சிமருந்து அடிக்கப் போன எங்கள் லைன் ராசம்மாள் மயங்கி விழுந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரோட்டோர மண் வேலையில் அவள் ஒருநாளும் விழுந்ததில்லை. இதை நான் ஏன் உங்களுக்கு எழுத வேண்டும்? நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான். நூறு நாள் வேலையை நம்பி யாரும் இல்லை என்று ஆபீசர் முன்னால் சொன்ன வாய் உங்களுடையது. எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் தீரவில்லை அண்ணா. தீராது.

உங்கள் வாசலுக்கு நான் வரவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜரீனா

*

ரஹீம் மளிகை
16.11.2025

என் உயிர்த் தங்கை ஜரீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. இங்கு யாவரும் நலம். இந்த மழைக்கு லைன் வீடு ஒழுகுகிறதா? தார்ப்பாய் வேண்டுமானால் சொல்லி அனுப்பு. சுமையா இறுதி வருஷம் என்று கேள்விப்பட்டேன். மாஷா அல்லாஹ், அவள் உன்னைப் போல, எடுத்த காரியத்தை முடிக்காமல் விட மாட்டாள்.

கண்ணு, தேர்தல் அறிவித்துவிட்டார்கள். கடைவீதியும் கீழ் லைனும் சேர்ந்து ஒரே வார்டு. அது பெண்கள் வார்டு என்று போட்டுவிட்டார்கள். இந்த டவுனுக்காகச் சேலத்துக்கும் சென்னைக்கும் அலைந்து செருப்புத் தேய்ந்தவன் நான். என் வார்டில் எனக்கே நிற்கப் பாத்தியதை இல்லையாம். பெற்றவனைத் தள்ளி நில் என்கிறது சர்க்கார்.

பர்ஹானா, "நானே நிக்கட்டுங்களா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். நாலு பேர் முன்னால் அவளுக்கு நாக்கு எழாது. நீ அப்படியா? கலெக்டர் ஆபீசிலேயே போய்ப் பேசியவள். வார்டில் பாதிக்கு மேல் ஓட்டு லைனில்தான் இருக்கிறது. அந்தப் பெண்கள் உன் பேச்சைத் தட்ட மாட்டார்கள். கடைவீதி ஓட்டு என் கையில். நீ நின்றால் எதிரே ஆள் நிற்க யோசிப்பான்.

உனக்கு ஒரு சிரமமும் வராது. கூட்டத்துக்கு நான் கூடவே வருவேன். காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். மற்றதெல்லாம் அண்ணன் பார்த்துக்கொள்வேன். வருகிற சம்பளம், படி எல்லாம் நீயே வைத்துக்கொள்.

பழசைப் பேச வேண்டாம். ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் நாம். அடித்தாலும் அணைத்தாலும் அண்ணன்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சாப்பிட வா. பிரியாணி போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் அன்பு அண்ணன்,
அப்துல் ரஹீம்

*

கீழ் லைன்
24.11.2025

அண்ணன் அப்துல் ரஹீம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆற்றைக் கடக்கும் வரைக்கும் அண்ணன் தம்பி என்பார்கள். உங்களுக்கு ஆறு வந்த பிறகுதான் தங்கை ஞாபகமே வந்திருக்கிறது. தங்கை இல்லை என்று ஊரெல்லாம் சொன்னவர் பிரியாணிக்குக் கூப்பிடுகிறீர்கள். வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. மிச்சமானதை வேலுசாமிக்குக் கொடுத்தீர்களா?

தேர்தலில் நான் நிற்கிறேன். உங்களுக்காக இல்லை. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே லைனில் பேசி முடித்துவிட்டோம். டவுனை ஒழிக்கவும் நிற்கவில்லை. வந்ததைப் பிடித்துக் கீழே தள்ள முடியாது. டவுனென்றால் சாக்கடை வெட்ட வேண்டும், ரோடு போட வேண்டும், குப்பை அள்ள வேண்டும். அந்த வேலையை வெளியூர்க் காண்ட்ராக்டருக்குக் கொடுக்காமல் எங்களுக்குக் கொடு என்று கேட்க அங்கே ஒரு ஆள் வேண்டும். இது மட்டும்தான் என் பேச்சு. கூட்டத்துக்கு நீங்கள் கூட வர வேண்டாம். எனக்கு வழி தெரியும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணி வந்திருந்தார்கள், பெருநாள் சண்டைக்குப் பிறகு முதல்முறையாக. மழையில் அவ்வளவு சரிவு இறங்கி வந்து, லைன் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். நீங்கள் சொல்லித் தூது வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் முகம் கொடுக்கவில்லை. பொன்னாயிதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். டீ கொடுத்தோம். குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள்:

"ஜரீனா, உங்கண்ணன் உனக்குக் கடுதாசி எழுதி முடிச்சதும் ரியாஸுக்குப் போன் போட்டாரு. நான் பக்கத்துலதான் வெத்தல மடிச்சிட்டிருந்தேன். 'அவளுக்கு என்னடா தெரியும், நாங் காட்டுன எடத்துல கையெழுத்துப் போடுவா'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. அது உன்னெயச் சொன்னாரா என்னெயச் சொன்னாரான்னு எனக்கு வெளங்குல. ராத்திரி பூரா ரோசன பண்ணுனேன். ரெண்டு பேரையும் சேத்துத்தான் சொல்லியிருக்காரு."

நாக்கு எழாது என்று எழுதினீர்களே, அந்த அண்ணிதான் இத்தனையும் பேசினார்கள். லைன் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று கேட்டோம்.

வேட்புமனுவில் முன்மொழிய இதே வார்டு வாக்காளர் ஒருவர் வேண்டும். பொன்னாயி கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அண்ணி பேனாவை அவள் கையிலிருந்து வாங்கி, பர்ஹானா அப்துல் ரஹீம் என்று முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் இடம் காட்டவில்லை. மனு இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள், போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணி மேல் கைநீட்டினால் லைன் முழுக்க உங்கள் கடை வாசலில் நிற்கும். சொல்லிவிட்டேன்.

நாளையிலிருந்து கடைவீதியில் ஓட்டுக் கேட்டு வருகிறோம். ஒவ்வொரு படியும் ஏறுவோம், உங்கள் படியைத் தவிர. உங்கள் ஊட்டில் இரண்டு ஓட்டு இருக்கிறது. ஒன்று எனக்கு. மற்றதை நான் கேட்கவில்லை.

ஜரீனா