மயில் போட்ட செருப்பு

ஹஜ்ஜா,

நேற்று துபாய் கராமாவில் நான் தங்கியிருந்த அறையைக் காலி செய்தபோது, கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டியிலிருந்து அந்தத் துணிச்செருப்பு வெளியே விழுந்தது. துணி பழுப்பேறிவிட்டது, ஜரிகை மயில் மட்டும் அப்படியே இருக்கிறது. ராஜஸ்தானைச் சுற்றிக் காட்டும் சொகுசு ரயிலில் ஏறிய அன்று ஆளுக்கொரு ஜோடி கொடுத்தார்களே, அதில் உங்களுடையது. ஏன் இத்தனை வருடம் வைத்திருந்தாய் என்று கேட்காதீர்கள். தூக்கிப் போடக் கை வரவில்லை.

ஹஜ் போய்வந்து எல்லோருக்கும் ஹஜ்ஜாவாகிவிட்ட உங்களைக் கவனிக்கும் நர்சாக உங்கள் வீட்டுக்கு வந்து எனக்கு அது மூன்றாம் வருடம். முத்து வியாபாரியான அப்பாவோடு பம்பாயில் வளர்ந்ததால் உங்களுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. என் இந்தியைக் கேட்டால் சிரிப்பு தாங்காது. ஏரிக்கு நடுவே அரண்மனை வைத்திருந்த ராஜாவுக்கு அப்பா முத்து விற்ற கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பீர்கள். அந்த உதய்பூரைப் பார்த்தே தீருவேன் என்று நீங்கள் அடம்பிடிக்க, உங்கள் மகன் நம் இருவரையும் டில்லியில் ரயிலேற்றிவிட்டு, தன் வேலையாக அங்கேயே தங்கிவிட்டார். துபாயில் நான் இறங்கிய அன்றே அவர் வாங்கி வைத்த என் பாஸ்போர்ட், உங்களுடையதோடு சேர்ந்து உங்கள் கைப்பையில் இருந்தது.

அந்த வருடம் மழை இல்லை. அரண்மனை ஜன்னலில் நின்று பார்த்தால் ஏரியில் பாதிக்கு மேல் சேறு, அதில் சாய்ந்து கிடந்த படகுகள். "எங்கப்பா நல்லாக் கதை விட்டிருக்கார்" என்று நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் என் கைபேசி அடித்தது. நாகர்கோவிலிலிருந்து தம்பி.

"யக்கா, அம்மைக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரில கெடக்கா. நீ இந்தியாவிலதான நிக்க? ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிரு."

போகட்டுமா என்று நான் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்து நீங்களே விஷயத்தைப் பிடுங்கிவிட்டீர்கள். கைப்பையைத் திறந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தீர்கள்.

"நான் என்ன பச்சைக் குழந்தையா? மூணாம் நாள் ஆக்ராவில் வந்து ஏறிக்கோ. என் பையனிடம் மூச்சு விடாதே. யல்லா, கிளம்பு!"

விமானம் மாறி மாறி மறுநாள் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குள் ஓடினேன். அம்மா கட்டிலில் சம்மணமிட்டு இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

"வெறும் வாயுதான் மக்ளே. இதுக்கா இம்புட்டு தூரம் ஓடி வந்த? அங்க அந்தப் பெரியம்மைய யாரு பாக்கா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

உங்களால் குனிய முடியாது. காலையில் எழுந்ததும் ரப்பர் அடிவைத்த ஷூவை மாட்டி நாடா கட்டிவிட்ட பிறகுதான் உங்களை நடக்க விடுவேன். நான் ஊருக்குப் போயிருந்தபோது, ரயில் ஜோத்பூரில் நின்ற அன்று காலை நாடா கட்ட ஆளில்லை. நீங்கள் மயில் செருப்பில் கால் நுழைத்துக்கொண்டு குளியலறைக்குப் போனீர்கள். அந்தச் செருப்பின் அடி வழவழவென்று இருக்கும்.

ஆக்ராவில் நான் ஏறியதும் ரயில் பெட்டிப் பணியாளர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "நேற்றே டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்றேன். கூடாது, அந்தப் பெண் வரட்டும், இல்லாவிட்டால் அவள் வேலை போய்விடும் என்கிறார்."

இடுப்பு எலும்பு முறிந்து ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்திருக்கிறீர்கள். டில்லியில் மகன் ஆம்புலன்ஸோடு வந்து என்னைப் பார்த்து உறுமியபோது, நீங்கள் அரபியில் சொன்னது எனக்கும் புரிந்தது: "டீ கொண்டுவர நான்தான் அனுப்பினேன். அவள் திரும்புவதற்குள் விழுந்துவிட்டேன். கலாஸ், அவ்வளவுதான்."

அதன்பிறகு நீங்கள் நடக்கவே இல்லை. எட்டு மாதத்தில் போய்விட்டீர்கள். அம்மா இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள்மேல் எனக்குக் கோபம்தான், ஹஜ்ஜா. ஏன் போகச் சொன்னீர்கள்? சொன்னாலும் நான் ஏன் போனேன்? நீங்கள் படுத்திருந்த கட்டிலருகே எத்தனையோ தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மகன் அறைக்குள் வரும்போதெல்லாம் என் கையை அழுத்திப் பிடித்து அடக்கிவிட்டீர்கள். நீங்கள் போன பிறகு அடக்க யாருமில்லை, அப்போதும் நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

உங்கள் மகன் எனக்கு அனுபவச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். "என் தாயின் பக்கத்தைவிட்டு ஒரு நாளும் அகலாதவர்" என்று அதில் ஒரு வரி. அதைக் காட்டித்தான் இதுவரை மூன்று வீடுகளில் வேலை கிடைத்தது. எந்த வீட்டிலும் துணிச்செருப்பு கண்ணில் பட்டால் முதலில் அதை ஒளித்துவைப்பேன். வேலைக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

நாளை ஜெபல் அலி பக்கம் புதிய வீடு ஒன்றில் நேர்காணல். சான்றிதழைப் பையில் வைத்துவிட்டேன். அந்த வரியைப் படித்ததும் எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கமான பெண் என்று நினைத்துக்கொள்வார்கள்.